தொங்கும் அச்சுக்கு எடுத்த மட்டம்

ஆடி பிறந்துவிட்டால் தேவ்நாரின் வானம் நிலத்துக்கு அருகே இறங்கிவிடுகிறது. ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம்போல் வெளிறி, காலைக்கும் மாலைக்கும் வேறுபாடு காட்டாமல் கவிழ்ந்து கிடக்கிறது. தகரக் கூரைகளின்மேல் மழையின் ஒலி முதலில் அதிர்கிறது, பின்பு சீராகிறது, இறுதியில் செவி அதைக் கேட்பதையே விட்டுவிடுகிறது. கழிமுகத்திலிருந்து ஓதம் ஏறும் வேளைகளில் வாய்க்கால் பின்னோக்கி ஓடும். வானிலிருந்து வந்த நீரும் கடலிலிருந்து வந்த நீரும் யாரோ ஒருவருடைய வாசலில் சந்தித்துக்கொள்ளும். அப்போது மனிதர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பொருள்களை உயர்த்தி வைப்பார்கள். அரிசி பரணில் ஏறும். குளிர்பெட்டி கல்லின்மேல் ஏறும். சலாவுதீனின் பட்டறையில் வண்டிகள் ஏறும்.

பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, வண்டியின் சட்டத்தை அவற்றின்மேல் தாங்கவைத்து, சக்கரங்களைக் காற்றில் விட்டுவிடுவது அந்தத் தெருவின் மழைக்கால வழக்கம். நீர் வரும், போகும், வண்டி நனையாது. அந்த ஆடியில் கட்டைமேல் இருந்தது கால்நடை மருத்துவர் ரஞ்சனாவின் நான்கு சக்கர இழுவை கொண்ட டிரக்.

மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் குடியிருக்கும் ரஞ்சனாவுக்குத் தாணேயைத் தாண்டிய மலைக் குடியிருப்புகளில் வேலை. சாலை முடிந்தபின் ஆற்றுப்படுகையில் ஏறித்தான் அங்கே போகவேண்டும். டிரக்கின் முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி இரும்புக் கைகளில் தொங்கியவை; பாறை ஒன்றில் மோதி இடக்கை முறிந்தது. ஆகவே அந்தக் கைகளை அறுத்தெறிந்துவிட்டு, ஒரு சக்கரத்திலிருந்து மறுசக்கரம்வரை ஒரே இரும்பாக நீளும் முழு அச்சு ஒன்றை முன்பக்கம் பொருத்தித் தருமாறு கேட்டிருந்தார். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால், அதே அச்சு மறுசக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடிக்கும்.

கடையநல்லூர்க்காரரான சலாவுதீனும் அவருடைய தொழில் கூட்டாளி சுரண்டை மாரிசெல்வமும் அந்த வேலையை விரும்பிச் செய்தார்கள். சுருள்வில்களுக்கு இருக்கை செய்தார்கள். அச்சு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கச் சட்டத்திலிருந்து ஒரு குறுக்குத் தண்டு. சக்கரத்தைத் திருப்ப ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து ஒரு தண்டு. இரண்டையும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். குமிழி நடுவில் நின்றது. பற்றவைத்தார்கள். நீர் வடிந்த ஒரு காலையில் இறக்கினார்கள்.

சாலையில் முதல் வேகத்தடையிலேயே வண்டி தானாக இடப்பக்கம் திரும்பியது.

"என்னண்ணே, நீங்களா ஒடிச்சிய?" என்றார் மாரிசெல்வம்.

"நான் சும்மா பிடிச்சிக்கிட்டுல்லா இருந்தேன்."

அடுத்த பள்ளத்தில் வலம். அதற்கடுத்த மேட்டில் மீண்டும் இடம். சலாவுதீன் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கை ஓர் அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சக்கரத் தாங்கிகளை மாற்றினார்கள். சக்கரக் கோணத்தைத் திருத்தினார்கள். டயர்களை இடம் மாற்றினார்கள். குணம் மாறவில்லை. வியாழக்கிழமை ரஞ்சனா பட்டறைக்கு வந்தபோது சலாவுதீன் சாவியைத் தரவில்லை.

"பாய், பக்கத்துப் பள்ளத்தாக்குல தொண்டை அடைப்பான் வந்தாச்சு. எருமைகள் செத்துண்டிருக்கு. நாளைக்குக் காலைல நான் ஊசி மருந்தோட கிளம்பியாகணும்."

"மலைப்பாதைல ஒரு பக்கம் பாதாளம் மேடம். இந்த வண்டி கல்லக் கண்டா அதுவா முடிவெடுக்குது. நான் எப்படிச் சாவியக் குடுக்க?"

"சரி, ஐஸ் பெட்டியைத் தலைல வெச்சுண்டு நடக்கறேன்."

"நடந்து போறதுக்குள்ள மருந்து சூடாகிடும்னு நீங்கதானே சொன்னிய!"

"அதனாலதான் கேக்கறேன். சாவி தரலேன்னா காரணத்தையாவது தாங்கோ."

சலாவுதீனிடம் காரணம் இல்லை. அந்த இல்லாமைதான் அவரை உறுத்தியது. இரும்பு பொய் சொல்லாது என்பது அவர் நம்பிக்கை. அப்படியானால் இந்த இரும்பு எதையோ சொல்கிறது, தமக்குத்தான் விளங்கவில்லை.

மாரிசெல்வம் மெல்லச் சொன்னார்: "எனக்கென்னவோ வண்டிக்குப் பேய் பிடிச்சிருக்கு."

"பேயின்னா மேடுபள்ளம் இல்லாத எடத்துலயும் திருப்பணும்லா? பேசாம இருல."

ரஞ்சனா சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "ஒரு எருமை நொண்டறதுன்னா நாங்க முதல்ல காலைப் பாக்க மாட்டோம். நடக்க விட்டுட்டுத் தலையைப் பாப்போம். எந்தக் கால் ஊன்றப்போ தலை தூக்கறதோ அந்தக் கால்ல வலி. இதோட தலை எது?"

"ஸ்டீயரிங்தான்," என்றார் சலாவுதீன்.

"அப்போ இதை நின்ன இடத்துலயே நடக்க விடுங்கோ. நான் தலையைப் பாக்கறேன்."

அவர் உள்ளே ஏறி, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மாரிசெல்வம் முன்பம்பரின்மேல் ஏறிக் குதித்தார். வண்டியின் மூக்கு தாழ்ந்தது.

"இடது!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "யாரும் தொடல. தானா இடது!"

மூக்கு எழுந்தது.

"இப்போ வலது! இன்னொரு தரம்!"

மாரிசெல்வம் குதித்துக்கொண்டே இருந்தார். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "சர்க்கஸ் சாலூ ஹை க்யா?" என்று, சர்க்கஸ் தொடங்கிவிட்டதா என, ஒருவன் இந்தியில் கேட்டான். "டிக்கெட் எடுத்துட்டு நில்லு," என்றார் மாரிசெல்வம், மூச்சிரைக்க.

சலாவுதீன் அதற்குள் வண்டியின் அடியில் ஊர்ந்து போயிருந்தார். அங்கிருந்து பார்க்கையில், மேலே எழுந்து தாழும் சட்டத்தோடு இரண்டு தண்டுகளும் இரண்டு கதவுகள்போல் திறந்து மூடின. ஸ்டீயரிங் தண்டு நீளம், குறுக்குத் தண்டு, அச்சின் நடுவே புடைத்து நின்ற பல்சக்கர உருண்டைக்கு ஒதுங்கியதால், குட்டை. இரண்டும் ஒரே சாய்வில் இல்லை. வண்டி தாழும்போது நீளத் தண்டு சக்கரத்தைச் சிறிதே தள்ளியது. குட்டைத் தண்டு அச்சை அதைவிட அதிகமாகத் தள்ளியது. இரண்டுக்கும் இருந்த வேறுபாடு முழுவதும் ஸ்டீயரிங்குக்குப் போய்ச் சேர்ந்தது.

"மாரி, குதிக்காத. நில்லு. நாம ரசமட்டம் வச்சப்ப வண்டி எங்க இருந்துச்சு?"

"இங்கதான். கட்டை மேல."

"காலு?"

மாரிசெல்வம் பம்பரிலிருந்து இறங்கிச் சக்கரங்களைப் பார்த்தார். "தொங்கிக்கிட்டு."

அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "தொங்குற காலுக்கு அளவெடுத்து, நிக்கிற ஆளுக்குச் செருப்பு தச்சிருக்கோம்ல!"

மழைக்கு அஞ்சி உயர்த்திய வண்டியில், கனம் எதுவும் ஏறாமல் தளர்ந்து தொங்கிய அச்சுக்கு அவர்கள் மட்டம் பார்த்திருக்கிறார்கள். அந்த மட்டம் உண்மைதான். ஆனால் சக்கரம் மண்ணைத் தொட்டதும் சட்டம் ஒரு சாண் அமிழ்ந்தது. நேராக இருந்த தண்டுகள் தத்தம் நீளத்துக்கு ஏற்ப வேறுவேறாகச் சாய்ந்தன.

காரணம் கிடைத்துவிட்டது. தண்டுகளின் பிடிகளை அறுத்து, இரண்டையும் ஒரே நீளமாக்கி, வண்டி தன் முழுக் கனத்தோடு நிற்கும்போது பற்றவைக்க வேண்டும். எங்கே நிறுத்துவது? ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. பட்டறைத் தரையில் நீர் கணுக்காலைத் தேடியது. தெருவில் உலர்ந்த சமதளம் ஒன்றே ஒன்று இருந்தது. அம்மன் கோயிலின் முன்னால், தகரக் கூரைக்குக் கீழே, உயர்த்திக் கட்டிய சிமெண்டுத் தளம்.

கோயில் சாவியை வைத்திருக்கும் முப்பிடாதியம்மாள் எதிரே இட்டிலிக் கடை நடத்துபவர். விவரத்தைக் கேட்டுவிட்டு, "மாட்டுக்கு மருந்து கொண்டு போற வண்டிதான? ஏத்து," என்றார். "ஆனா செருப்பக் கழட்டணும்."

"பெரியம்மா, வெல்டிங் பொறி காலுல விழுந்தா பொத்தலாயிரும்," என்றார் சலாவுதீன்.

"ஈரச் சாக்கப் போட்டு நில்லு."

"ஐயோ, கரண்டு அடிச்சி நேரா உன் ஆத்தாகிட்டயே போய்ச் சேந்துருவாரு!" என்றார் மாரிசெல்வம்.

முப்பிடாதியம்மாள் யோசித்தார். "தெரு மிதிக்காத செருப்புன்னா அவ கோவிச்சுக்க மாட்டா. புதுசு இருக்கா?"

பட்டறை அலமாரியில் பெட்டி பிரிக்காத ரப்பர் பூட்ஸ் ஒரு சோடி இருந்தது. சலாவுதீன் அதைத் தளத்தின்மேல் உட்கார்ந்தபடியே மாட்டிக்கொண்டார்.

"அப்ப டயரு? அது தெருவ மிதிக்கலையா?" என்று மாரிசெல்வம் சீண்டினார்.

"அதக் கழுவி ஏத்துல, வாயாடி."

நான்கு சக்கரங்களையும் குழாய்நீரில் கழுவி, பலகை வைத்து, வண்டியைத் தளத்தில் ஏற்றினார்கள். ரஞ்சனாவின் மருந்துப் பெட்டி, தண்ணீர்க் கேன்கள், உதிரிச் சக்கரம், எல்லாம் உரிய இடத்தில் ஏறின.

"மேடம், நீங்களும் ஏறி உக்காருங்க. உங்க கனமும் கணக்குல வரணும்."

"எடையைச் சொல்லணுமா?"

"யாரும் கேக்கல. உக்காந்தாப் போதும்."

பாட்டரி இணைப்பைப் பிரித்தார்கள். பிடிகளை அறுத்தார்கள். குறுக்குத் தண்டின் பிடியை உருண்டைக்கு முன்னால் நகர்த்தியபோது இரண்டு தண்டுகளுக்கும் ஒரே நீளம் வாய்த்தது. நிற்கும் வண்டியில், சுமையோடு, மீண்டும் ரசமட்டம் வைத்தார்கள். இம்முறை குமிழி நடுவில் நிற்பதை மூவரும் தனித்தனியே குனிந்து பார்த்தார்கள். நீலச்சுடர் எழுந்தது. கருவறைக்குள் இருந்த பித்தளை விளக்கில் அது ஒரு கணம் பட்டு அணைந்தது.

இரும்பு ஆறியதும் மாரிசெல்வம் பம்பரின்மேல் ஏறினார். குதித்தார்.

மறுபடியும் ஏறிக் குதித்தார்.

"மேடம்? தலை ஆடுதா?"

"இல்ல," என்றார் ரஞ்சனா. குரலில் வியப்பு இருந்தது. "தூங்கற எருமை மாதிரி இருக்கு."

அன்று மாலையே தெருமுனையில் செங்கற்களைப் பரப்பி அவற்றின்மேல் ஓட்டினார்கள். ஒரு சக்கரம் ஏறியது, மறுசக்கரம் அழுந்தியது, வண்டி நேரே சென்றது. சலாவுதீன் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே ரஞ்சனாவிடம் காட்டினார்.

மறுநாள் காலை மழை சற்றே ஓய்ந்திருந்தது. ரஞ்சனா வருவதற்கு முன்பே சலாவுதீன் கைகால் முகம் கழுவி, வண்டியின் முன்னால் முழந்தாளிட்டிருந்தார். புதிதாகப் பற்றவைத்த இடத்தின்மேல் வலக்கையை வைத்தார். பிரார்த்தனையின் ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக உதட்டுக்குள் ஓதினார். பின்பு குனிந்து, அந்த இரும்பின்மேல் மூன்று முறை மெல்ல ஊதினார். எழுந்து, தம் கைத்தடம் பட்ட எண்ணெய்க் கறையைத் துண்டால் துடைத்தார். ரஞ்சனா வந்ததும் சாவியை அவர் கையில் வைத்தார்.

முப்பிடாதியம்மாள் கடையிலிருந்து இறங்கி வந்து ஜன்னல் வழியே ரஞ்சனாவின் உச்சியில் கை வைத்தார்.

"போய்ட்டு வா தாயி. நீ தொடுற வாயில்லாச் சீவன் ஒண்ணும் சாயாம இருக்கட்டும். உன்னைச் சொமக்குற வண்டி வழி தப்பாம இருக்கட்டும். மலையும் ஆறும் உனக்கு எடம் விடட்டும். நல்லாரு."