மேலறையின் சூடு

சுவிஸுக்குள் நுழையப் பேய்க்கும் விசா வேண்டும் என்று வேலையிடத்தில் பகிடி விடுகிற ஆள் சிவநேசன். அந்தப் பகிடியை அவர் கடைசியாக விட்டது எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம்.

வின்டர்தூரில் வீடுகளுக்கு ஹீற்றர் பூட்டுகிற கம்பனியில் அவருக்கு வேலை. முதலாளி தன் தாயார் வாழ்ந்த பழைய வீட்டையே அவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். கூரைக்குக் கீழே இருந்த ஒற்றை அறையை மனைவி ஜெயகௌரி தன் தம்பி சிறீதரனுக்கென்று ஒதுக்கி, கட்டிலும் போட்டு வைத்தாள். அவன் சுவிஸுக்கு வரப் பயணம் சரிவந்த நேரத்தில், ஊரில் ஜீப்பில் வந்தவர்கள் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்துவிட்டான் என்று அழவும் முடியவில்லை, இருக்கிறான் என்று ஆறவும் முடியவில்லை. ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு என்று சிவநேசன் மேலே ஹீற்றரை நிறுத்திவிட்டார்.

அந்த அறை அந்தத் தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை தானாகவே சூடேறிக் கிடந்தது. படியிறங்கி வந்த ஜெயகௌரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"இஞ்சருங்கோ, நீங்களோ மேலை ஹீற்றரைப் போட்டனீங்கள்?"

"இல்லையே."

"அப்ப ஹீற்றரின்ரை வால்வுதான் பழுது. போய்ப் பாருங்கோ." அவருடைய கையை இறுக்கிப் பிடித்தாள். "தம்பி உயிரோடை இருக்கிறவனெண்டால் பிளேனிலைதானே வருவான்? இப்பிடி வரமாட்டான். முருகா, அது பழுதாத்தான் இருக்கவேணும்."

வீட்டுச் சாமான் பழுதாக வேண்டும் என்று நேர்த்தி வைக்கிற மனுசியைச் சிவநேசன் அன்றுதான் கண்டார். சிரிப்பு வரவில்லை.

நிலவறைக்கு இறங்கினார். கொதிகலனிலிருந்து மேலறைக்கென்று தனிக் குழாய் போகிறது. அதன் நடுவே மோட்டர் வைத்த வால்வு. கரண்ட் வந்தால் மோட்டர் வால்வைத் திறக்கும், நின்றால் மோட்டருக்குள் இருக்கிற ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். வேறு சிக்கல் ஒன்றும் அதில் இல்லை.

வயரில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரியவில்லை, கரண்ட் இல்லை. ஸ்பிரிங்தான் போயிருக்கும் என்று, கையால் திறக்கிற பிடியை இழுத்து விட்டார். வால்வு சடக்கென்று மூடிக்கொண்டது, ஸ்பிரிங்கில் பழுதில்லை. அப்படியென்றால் உள்ளே ஊத்தை அடைத்து, வால்வு முழுதாக மூடாமல் சுடுதண்ணீர் கசிகிறது. அதுவாகத்தான் இருக்கும். அதுவாக இருந்துவிட்டால் போதும். கொஞ்சம் பொறுத்துக் குழாயில் கை வைத்தார். வால்வுக்கு இந்தப் பக்கம் கை சுட்டது. அந்தப் பக்கம் ஐஸாகக் குளிர்ந்தது. மேலேயிருந்து திரும்பி வருகிற குழாயும் அப்படியே. சொட்டுச் சுடுதண்ணீர்கூட மேலே போகவில்லை.

இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் பயம் வந்துவிட்டது.

படியில் ஜெயகௌரியின் காலடி கேட்டது. அவசரமாக மோட்டரைக் கழற்றினார்.

"என்னவாமப்பா?"

"பாரும், ஸ்பிரிங் இழுக்குதில்லை. அதுதான் மூடாமல் கிடந்திருக்கு. திங்கக்கிழமை புதுசு கொண்டுவாறன்."

அவள் அந்த மோட்டரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். "தம்பி எங்கையோ இருக்கிறானப்பா," என்று விம்மினாள். கன நாளுக்குப் பிறகு குசினியில் வெங்காயம் வதங்குகிற வாசம் எழுந்தது.

சிவநேசன் மேலறைக்கு ஏறினார். புது மோட்டர் பூட்டிய பிறகும் அறை சுட்டுக்கொண்டிருந்தால் பொய் பிடிபட்டுவிடும். வந்திருக்கிறவனைப் போய்விடு என்று சொல்லத்தான் ஏறினார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹீற்றரில் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல்காரனின் நெற்றிபோல் சுட்டது. பிடிபட்ட அன்று சிறீதரன் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை என்று கண்டவர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது.

கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வெளியிலை குளிரும் தம்பி. இரு. அக்காவுக்கு மட்டும் தெரியப்படாது."