படியில் நின்ற தீ

அவசர அழைப்பு நிலையத்தின் மூன்றாம் மேசைக்கு ஒரு வெயில் மதியத்தில் வந்த அழைப்பு பதினேழு ஆண்டுகள் துண்டிக்கப்படாமல் இருந்தது. அதில் சொல்லப்பட்ட தீ, அத்தனை ஆண்டுகளும் மாடிப்படியிலேயே நின்றது.

அழைத்தவள் ஓர் இளம்பெண். கைக்குழந்தையோடு மாடியறையில் மாட்டிக்கொண்டிருந்தாள். கீழே சமையலறையில் பிடித்த தீ படியேறி வந்துகொண்டிருந்தது, ஜன்னலில் கம்பி. மூன்றாம் மேசைக்காரி முகவரி கேட்டு, தீயணைப்பு வண்டியை அனுப்பிவிட்டு, வழக்கம்போல, "வண்டி வர்ற வரைக்கும் போனை வைக்காதீங்கம்மா" என்றாள். வண்டி போய்ச் சேர்ந்த இடத்தில் தெருவே இல்லை. ரயில் கிடங்குக்குப் பின்னால் முள்செடி மண்டிய வெற்று நிலம்தான் கிடந்தது. "இங்க ரெண்டு ஆடு மேயுது மேடம், அவ்வளவுதான்" என்று ஓட்டுநர் தகவல் சொன்னார். வரைபடத்தைப் பார்க்க அவள் கொஞ்சம் வாய் மூடியபோதுதான் விஷயம் தெரிந்தது. "அக்கா, ஒரு படி ஏறிடுச்சு. நீங்க பேசினா நிக்குது. பேசிட்டே இருங்க" என்றாள் அந்தப் பெண். இவள் பேசினாள். தீ, கதை கேட்க வந்தவரைப் போலச் சுவரோரம் சாய்ந்து நின்றுகொண்டது.

மூன்றாம் மேசைக்காரி பேச்சு குறைந்தவள். தையற்காரரான அவள் கணவர், "உன் வாய்க்கு யாரு காஜா எடுத்துப் பட்டன் போட்டது?" என்று கேலி செய்வார். அப்படிப்பட்டவள் அன்று இருட்டும்வரை பேசினாள். ஜன்னலுக்கு வெளியே போகும் பேருந்துகளைப் பற்றி, தண்ணீர் வராத குழாயைப் பற்றி, நாத்தனார் வாங்கி வந்து வாசலில் நுழையாமல் போன கட்டிலைப் பற்றி. வேலை நேரம் முடிந்ததும் நான்காம் மேசைக்காரர் தொடர்ந்தார். மேசைகள் எல்லாம் ஓய்ந்தபோது ஊர் முறை வைத்துக்கொண்டு வந்தது. சலூன்காரர் ஒருவர் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் பேசினார். வாய்ப்பாடு ஒப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் காலத்தில் தீ அரைப் படி ஏறியதால் அவரை மறுபடி அழைக்கவில்லை. ஊரில் பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளிக்குப் போனார்கள். மாடியறையில் அதே மதியம், குழந்தைக்குத் தாயின் தோளில் அதே தூக்கம். "சளி புடிச்சிருக்காக்கா? குரல் கம்முதே" என்று அந்தப் பெண் ஒருமுறை கேட்டாள். அது சளியில்லை, வயது.

எத்தனை பேர் மாற்றிப் பேசினாலும் இருமல் வரும், தும்மல் வரும், அடுத்த வார்த்தை கிடைக்காமல் நாக்கு தடுமாறும். ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் தீ கொஞ்சம் ஏறியது. மேலே நாலே படிகள் மிச்சம் என்று தெரிந்த அன்று மூன்றாம் மேசைக்காரி மேலதிகாரியின் அறைக்குப் போனாள். அவள் தானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. "இல்லாத தெருவுக்கு வண்டி எப்படிம்மா போகும்?" என்றார் அவர். "தெருவைப் போடுங்க சார். வீட்டையும் கட்டுங்க. அந்தப் பொண்ணு இருக்கற வீடு எப்படி இருக்குன்னு நான் கேட்டுச் சொல்றேன்."

முள்செடியை வெட்டித் தெரு போட்டார்கள். அந்தப் பெண் சொன்ன பெயரையே தெருவுக்கு வைத்தார்கள். அவள் பார்ப்பதை இவள் கேட்டுச் சொல்ல, கொத்தனார் கட்டினார். கதவு உள்பக்கம் திறக்கும், நிலை கொஞ்சம் கோணல், சமையலறை ஜன்னல் ஒருக்களித்துத்தான் சாத்தும். வேண்டுமென்றே கோணலாக நிலை வைக்கக் கொத்தனாருக்குக் கை வரவில்லை. மூன்று முறை பிடுங்கி வைத்தார். கடைசியில் தீயணைப்பு ஆய்வாளர் வந்து, பின்புறம் இன்னொரு படி இல்லாமல் எந்த வீட்டுக்கும் ஒப்புதல் தர முடியாது என்றார். அதையும் கட்டினார்கள். வண்டி வாசலில் காத்திருந்தது. புகை வரவில்லை. வீடு வாடகைக்கு ஆள் வராத வீடுபோலச் சும்மா நின்றது. வீரர்கள் சீட்டாடி அலுத்தார்கள்.

மூன்றாம் மேசைக்காரிக்குச் சந்தேகம் தட்டியது. "பின்னாடி வேற படி இருக்காம்மா?"

"இருந்தா உங்களுக்கு எதுக்குக்கா போன் பண்றேன்?"

அறையில் எல்லோரும் வாயடைத்துப்போனார்கள். அதற்குள் தீ ஒரு படி ஏறிவிட்டது.

ஆய்வாளர் புதுப் படியின் கீழே வெகுநேரம் நின்றார். "உயிர் தப்பிக்க வச்ச படிய நானே இடிக்கச் சொல்லணுமா?" என்றார். "சட்டத்துக்கு ஒரு தடவை கட்டியாச்சு சார். இப்ப அந்தப் பொண்ணுக்குக் கட்டுவோம்" என்றார் கொத்தனார். இடித்தார்கள். பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கடைசிக் கல்லின் இடுக்கைப் பூசி முடித்துக் கொத்தனார் கரண்டியைத் துடைப்பதற்குள் சமையலறை ஜன்னலில் புகை வந்தது.

இத்தனை காலமும் பேசியவர்கள் எல்லோரும் தெருவில் கூடியிருந்தார்கள். சலூன்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நிலையத்தில் இருந்த மூன்றாம் மேசைக்காரியின் காதில் முதலில் தண்ணீரின் இரைச்சல் கேட்டது, பிறகு கதவு உடையும் ஓசை, பிறகு ஓர் ஆண்குரல்: "குழந்தைய எங்கிட்ட குடுங்கம்மா." குழந்தை விழித்து அழுதது. அந்த அழுகையை அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"அக்கா, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டாங்களே" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா. கிட்டத்துலதான் இருந்தாங்க."

"வச்சிடட்டுமாக்கா?"

"வைம்மா."

மாலையில் அந்தப் பெண்ணின் கணவன் காய்கறிப் பையோடு வேலையிலிருந்து திரும்பி வந்து, கதவை யார் உடைத்தது என்று கேட்டான். எங்கே வேலை, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை. ஆய்வாளர், பின்பக்கம் ஒரு படி கட்டிக்கொள்ளும்படி அவனிடம் சொல்லிவிட்டுப் போனார். நிலையத்தில் மூன்றாம் மேசைக்காரி காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அந்த அறையில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. எங்கும் எதுவும் ஏறவில்லை.