நைலான் உறைக்குள் பதினாலு

"மனுஷனுக்கா, மாட்டுக்கா?" என்று கேட்டாள் தேசா.

லெஸ்கோவாத்ஸ் நகரச் சந்தையின் கடைசி வரிசையில் மேசை நிறைய ரிமோட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். வாங்க வந்த பெண் பட்டனைப் பார்க்கவில்லை, விலையைக் கேட்கவில்லை. அளவு நாடாவை எடுத்து ஒவ்வொரு ரிமோட்டின் நீளத்தையும் அளந்துகொண்டிருந்தாள். வேறென்ன கேட்பாள்?

"எங்க அப்பாவுக்கு," என்றாள் தூன்யா.

"அப்ப ரெண்டுக்கும் நடுவுல. சொல்லு, என்ன வேணும்?"

"பழைய ரிமோட்ட எதிர்ல வச்சா இது கத்துக்கணும். எந்தப் பட்டனுக்கு என்ன வேலைன்னு நான்தான் முடிவு பண்ணணும். ஒரு பட்டன அமுக்கினா ரெண்டு கட்டளை வரிசையாப் போகணும். பதினேழு சென்டிமீட்டருக்கு மேல ஒரு துளி நீளம் இருக்கக் கூடாது."

"ஏண்டி, ரிமோட் வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?"

தேசா மூன்றை எடுத்துப் போட்டாள். முதலாவது, முந்நூறு கம்பெனி டிவியின் குறியீடுகளையும் பிறக்கும்போதே வயிற்றில் கொண்டு வந்தது, ஆனால் புதிதாக எதையும் கற்காது. "என் புருஷன் மாதிரி," என்று தள்ளி வைத்தாள். இரண்டாவது நெட்டை. எதைச் சொன்னாலும் கற்கும். பேட்டரியைக் கழற்றிப் பத்து வருஷம் கழித்துப் போட்டாலும் மறக்காது. மூன்றாவது குட்டை. அதுவும் கற்கும்.

"ஆனா இந்தக் குட்டைகிட்ட ஒரு வியாதி. பேட்டரிய வெளிய எடுத்து ஒரு நிமிஷம் ஆச்சுன்னா எல்லாத்தையும் மறந்துரும். நெட்டைய எடுத்துக்கோ. காசுக்காகச் சொல்லல."

தூன்யா நெட்டையை அளந்தாள். இருபத்தொன்று. குட்டை பதினாறரை.

"குட்டையே குடுங்கக்கா."

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்க, சொன்னாக் கேக்க மாட்டேங்கற."

படித்த பெண்தான். அந்த வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். நிஷ் நகரத்தில் ஐந்து வருஷம் மின்னணுப் பொறியியல் படித்து, பட்டத்தை ஒரு உறையில் போட்டுக்கொண்டு வந்தவள். அன்று அப்பா மிலோராத் அந்த உறையைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல ஆட்டிவிட்டு, "அஞ்சு வருஷம் படிச்சு பல்பு மாட்டக் கத்துக்கிட்டா," என்று பக்கத்து வீட்டு பிளாகோயேயிடம் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை தூன்யா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

பதினேழு சென்டிமீட்டர் கணக்கு நைலான் உறைக்காக. செட்டாப் பெட்டி வந்த அன்றே அதன் ரிமோட்டை மிலோராத் நைலானில் சுற்றி, ஓரத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டார். எண்ணெய் படக்கூடாது, பட்டனில் எழுத்து அழியக்கூடாது. அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஒன்பது வருஷத்தில் எழுத்து அழியவில்லை, உண்மைதான். ஆனால் நைலான் மங்கிப் பழுப்பேறி, உள்ளே எழுத்து இருக்கிறதா எலிக்குஞ்சு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. மிலோராத்தின் கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும். சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கழிப்பறைக்குப் போகும்போதுதான், விழுந்துவிடும் என்ற பயத்தில் சோபாவில் வைத்துவிட்டுப் போவார்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்த நைலானுக்குள் வேறு ரிமோட் இருந்தாக வேண்டும். காரணம் அம்மா.

அம்மா ரூஷா நெசவாலையில் இருபத்தேழு வருஷம் நூல் முடிச்சுப் போட்டவள். பதினாலாம் சேனலில் தினமும் ஏழு மணிக்கு வினாடி வினா வரும். மிலோராத்துக்கு அதே ஏழு மணிக்கு இரண்டாம் சேனலில் அரசியல்வாதிகள் கத்திக்கொள்வதைப் பார்க்க வேண்டும். ஆனால் கத்தல் தொடங்குமுன் விளம்பரம் வரும். அந்த நேரத்தில் சேனல்களைப் புரட்டுவார். பதினாலில் ஒரு கேள்வி விழும். பதில் வருவதற்குள் புரட்டிவிடுவார். அம்மா அடுப்படியிலிருந்து அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, பதிலை தூன்யாவின் பழைய பள்ளிப் புத்தகங்களில் தேடுவாள். பதினோரு வருஷமாக. கேள்வி டிவியில், பதில் புத்தகத்தில். "உனக்கு என்ன தெரியும், நீ மிளகாயப் பாரு," என்பார் மிலோராத், அவள் எட்டிப் பார்த்தால்.

போன மாதம் பல் வலி என்று சொல்லிவிட்டு அம்மா பஸ் ஏறித் தலைநகர் பெல்கிரேட் போனாள். பல்லுக்கு ஒன்றும் இல்லை. வினாடி வினாவில் உட்கார்ந்து ஆடிவிட்டு இரவு பஸ்ஸில் திரும்பினாள். இந்த வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு. ஜெயித்தாளா தோற்றாளா என்று தூன்யாவிடம்கூடச் சொல்லவில்லை.

"அப்பாகிட்ட சொல்லிரேன்மா."

"சொன்னா முன்னாடியே சிரிச்சு முடிச்சுருவான். அவன் பாக்கணும்டி. உக்காந்து, வாய மூடிட்டு, பாக்கணும். நானும் பக்கத்துல உக்காந்து பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

தூன்யாவுக்கு அது போதவில்லை. அவளாக இருந்தால் டிவியைத் தூக்கி அப்பாவின் மடியில் போட்டிருப்பாள். ஆனால் கேட்டது அம்மா.

வியாழன் காலையில் மிலோராத் குளிக்கப் போனதும் நைலானின் டேப்பைப் பிரித்து, பழைய ரிமோட்டையும் புதியதையும் துணி துவைக்கும் மெஷின் மேல் மூக்கோடு மூக்கு உரச வைத்தாள். பழையது ஒன்றைச் சொல்லும், புதியது சிவப்பாகக் கண் சிமிட்டிக் கேட்டுக்கொள்ளும். இரண்டாம் எண் பட்டனுக்கு: ஒன்று, நாலு. மூன்றாம் எண்ணுக்கு: ஒன்று, நாலு. பூஜ்யம் முதல் ஒன்பது வரை எதை அமுக்கினாலும் பதினாலு. மேல் அம்பு பதினாலு, கீழ் அம்பு பதினாலு. அணைக்கும் பட்டனுக்கு எதுவும் இல்லை. சத்தத்தைக் கூட்டும் பட்டன் கூட்டும். குறைக்கும் பட்டனுக்கும் கூட்டலையே கற்றுக்கொடுத்தாள். அது தேவையே இல்லை. அம்மாவின் குரல் சன்னம் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அந்த ஐந்து வருஷத்துச் சிரிப்புக்காகத்தான்.

வெள்ளி மாலை வீடெல்லாம் தோல் உரிக்கச் சுட்ட குடைமிளகாய் வாசம். பிளாகோயே வழக்கம் போல ராக்கியா என்ற பழச்சாராயம் குடிக்க வந்து உட்கார்ந்தார். ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மிலோராத் எழுந்து கழிப்பறைக்குப் போனார். பிளாகோயே ஜன்னல் பக்கம் திரும்பிக் குப்பியைத் திறந்துகொண்டிருந்தார். தூன்யாவுக்கு நாற்பது விநாடி போதுமாக இருந்தது. நேற்றே திரும்ப நைலானுக்குள் போயிருந்த பழையது இப்போது மாவு டின்னுக்குள் போனது, புதியது நைலானுக்குள். டேப்பை நகத்தால் அழுத்தி ஒட்டி, சோபாவில் அதே கோணத்தில் வைத்தாள்.

அம்மா தோல் உரித்த கரிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மிளகாய் தீயுது," என்றார் திரும்பி வந்த மிலோராத்.

"தீயட்டும்."

அவர் இரண்டை அமுக்கினார். பதினாலு வந்தது. வினாடி வினாவின் இசை.

மறுபடி இரண்டு. பதினாலு. மூன்று. பதினாலு. கீழ் அம்பு. பதினாலு.

"என்னாச்சு இந்தச் சனியனுக்கு?" உள்ளங்கையில் இரண்டு அடி அடித்தார். சத்தத்தையாவது குறைக்கலாம் என்று அமுக்கினார். சத்தம் ஏறியது. இன்னும் அழுத்தி அமுக்கினார். இன்னும் ஏறியது.

"யோவ், கொறைக்கச் சொன்னா கூட்டற!" என்று பிளாகோயே காதைப் பொத்தினார்.

"கொறைக்கத்தான்யா கொறைக்கறேன்!"

டிவியில் தொகுப்பாளர் அன்றைய போட்டியாளர்களை அழைத்தார். "லெஸ்கோவாத்ஸிலிருந்து ரூஷா அம்மா!" நீலச் சட்டை போட்டுக்கொண்டு, கையை மடியில் கோத்துக்கொண்டு, அம்மா.

மிலோராத் திரையைப் பார்த்தார். சோபா ஓரத்தைப் பார்த்தார். மறுபடி திரையை.

"அது யாரு?"

"கண்ணாடியப் போட்டுப் பாரு," என்றாள் ரூஷா.

"நீ பல்லு டாக்டர்கிட்டல்ல போன?"

"போனேன். வழியில இதுக்கும் போனேன்."

மிலோராத்துக்கு முகம் மிளகாய்ப் பதத்துக்கு வந்தது. மாற்றியே தீருவது என்று பத்து பட்டனையும் ஒன்றாக அமுக்கினார். பதினாலு அசையவில்லை. பிறகு, அவர் வயதில் அந்த ஊரில் எந்த ஆணும் செய்வதைச் செய்தார். நைலான் கிழிகிறதா என்றுகூடப் பார்க்காமல் பின்மூடியைத் தள்ளித் திறந்து, பேட்டரிகளை உருவி, வாயில் போட்டுக் கடித்தார். கடித்தால் தீர்ந்த பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் வரும் என்பது அவர் கணக்கு.

தூன்யாவுக்குத் தேசா சொன்ன வியாதி ஞாபகம் வந்தது. நாற்பது வருஷமாகப் பேட்டரியைக் கடிக்கிற மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு, மறதிக்கார ரிமோட்டை வாங்கியிருக்கிறாள். எத்தனை பட்டம் வாங்கி என்ன?

மிலோராத் அவசரப்படவில்லை. இடது கடைவாயில் ஒன்று, வலது கடைவாயில் ஒன்று. துடைத்தார். பிளாகோயேயிடம் ஒன்றைக் கொடுத்தார். அவரும் கடித்தார், அவருக்குப் பல் கெட்டி. ஒரு நிமிஷம் எப்போதோ போய்விட்டது. பேட்டரிகளைப் போட்டு அமுக்கினார். இப்போது எதுவுமே நடக்கவில்லை. பதினாலும் இல்லை, சத்தமும் இல்லை. வெறும் கட்டை. டிவி மட்டும் முழுச் சத்தத்தில் பதினாலில் நின்றது.

"செத்துருச்சு," என்று எழுந்தார். பெட்டியில் கையாலேயே மாற்றும் பட்டன் உண்டு. பெட்டியின் மேல் ரூஷா பின்னிய வெள்ளை விரிப்பு, விரிப்பின் மேல் கண்ணாடி மீன். அவர் மீனைத் தூக்கினார். விரிப்பை விலக்கக் கை நீண்டது. அம்மா அசையவில்லை. மடியில் கோத்த விரல்கள் வெளுத்துப் போனதை தூன்யா பார்த்தாள்.

அப்போது தொகுப்பாளர் கேட்டார்: "படுத்துக்கொண்டு உருளுவது போல, ஏறக்குறையப் பக்கவாட்டில் சாய்ந்து சுழலும் கோள் எது?"

"சனி," என்றார் மிலோராத், கை நீட்டியபடியே. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாத ஆள்.

"சனியேதான். வளையம் இருக்குல்ல," என்றார் பிளாகோயே.

திரையில் அம்மா மணியை அடித்தாள். "யுரேனஸ்."

"தப்பு!" என்றார் மிலோராத்.

"சரியான விடை!" என்றார் தொகுப்பாளர். "எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம்?"

"இதே கேள்விய ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க கேட்டீங்க தம்பி," என்றாள் திரையில் அம்மா. "பதில நீங்க சொல்றதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் சேனல மாத்திட்டாரு. அதனால நானே தேடிப் படிச்சேன். உங்க நிகழ்ச்சியில ஒரு பதிலக்கூட நான் கேட்டதில்ல."

அரங்கம் சிரித்தது. முழுச் சத்தத்தில் வைத்த டிவியும், திறந்து கிடந்த ஜன்னலும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன. மேல் மாடியில் சிரிப்பு. கீழ் மாடியில் யாரோ கை தட்டினார்கள். "மிலோராத், மாத்தாதய்யா!" என்று முற்றத்திலிருந்து ஒரு பெண் குரல் கத்தியது.

அவர் மாற்றவில்லை. மாற்றினால் அந்தக் கட்டடத்தில் இனி குடியிருக்க முடியாது. உட்காரவும் தெரியாமல், வைக்கவும் தெரியாமல், கண்ணாடி மீனைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டி அருகிலேயே நின்றார். இருபது நிமிஷம். கடைசிக் கேள்வியில் அம்மா இரண்டு புள்ளியில் ஜெயித்து, "அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவாங்க," என்று அறிவித்தபோதும் மீன் அவர் கையில்தான் இருந்தது.

"பரிசு என்ன?" என்று கேட்டார் பிளாகோயே.

"கலைக்களஞ்சியம். பன்னெண்டு புத்தகம்," என்றாள் ரூஷா.

மிலோராத் மெதுவாக மீனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சோபாவில் கிடந்த ரிமோட்டின் நைலான் இழுபட்டுக் கிழிந்திருந்தது. எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். புத்தம் புது கறுப்பு. அவர் பார்வை தூன்யாவிடம் போனது.

"நீயா?"

"பல்பு மாட்டினேன்," என்றாள் தூன்யா.

பிளாகோயேவுக்குப் புரை ஏறியது. மிலோராத் பேச வாய் திறப்பதற்குள் ரூஷா அவர் கையிலிருந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டாள். கிழிந்த நைலானை உருவிச் சுருட்டி அவர் மடியில் போட்டாள்.

"தூன்யா, மாவு டின்ல இருக்கறத எடுத்துட்டு வா. இதுக்கு முதல்ல இருந்து கத்துக்குடு. ஒண்ணாம் பட்டன்ல பதினாலு வை. பெரிய பட்டன் அது, கைக்கு வாகா இருக்கு. சத்தம் கொறைக்கறது கொறைக்கட்டும். எதுக்கு அந்த விளையாட்டு?"

தூன்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாவு டின்கூட அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

"என் ரெண்டாம் சேனல்?" என்றார் மிலோராத்.

ரூஷா ரிமோட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தாள். கடைசி வரிசையில், மூலையில், விரல் நகம் மட்டுமே நுழையும் ஒன்று இருந்தது. அமுக்குவதற்கும் கடினமாக இருந்தது.

"அவனுக்கு இது," என்றாள்.