ஏழாவது அறை

தாயில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் மேல்நிலைப் பள்ளியில், பதினொன்றாம் வகுப்புத் தொழிற்பிரிவின் கரும்பலகை கணக்கு தப்பினால் சுடும். கூட்டலில் தப்பினால் டீ கிளாஸ் அளவுக்குச் சூடு, சதவீதத்தில் தப்பினால் சாக்பீஸ் கருகிவிடும். தலைமையாசிரியர் தளவாடப் பதிவேட்டில் 'கரும்பலகை ஒன்று, சூடாகும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு சரி. வெயில் ஊரில் இன்னொரு சூட்டை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்?

பாடப்புத்தகத்து ரயில்களும் தண்ணீர்த் தொட்டிகளும் தொழிற்பிரிவுப் பிள்ளைகளிடம் செல்லுபடியாகவில்லை. அதனால் பெர்சிஸ் டீச்சர், அவர்களுடைய பெற்றோர் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியிலிருந்தே கணக்கு எடுத்தார். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு வியாழக்கிழமை, சட்டப்படி ஓர் அறையில் நாலு பேர்தான் உட்காரலாம், இருபத்தாறு பேருக்கு எத்தனை அறை வேண்டும் என்று கேட்டார். வகுப்பே ஒரே குரலில் ஆறு என்றது. பிரீத்தி எழுந்து போய் அதைப் பலகையில் எழுத, பலகை புகைந்தது.

"மீதி ரெண்டு பேரு?" என்று கேட்டார் டீச்சர்.

"அவுக வேப்பமரத்தடியில இருந்து திரி செருகுவாக டீச்சர். சீசன்ல அப்படித்தான்" என்றாள் பிரீத்தி.

டீச்சர் ஆறை அழித்து ஏழு என்று எழுதினார். விடை சரிதான், ஆனால் பலகை ஆறவில்லை. அப்படி அது நடந்துகொண்டது அதுவே முதல்முறை.

"ஏழாவது அறையே கெடையாது டீச்சர்" என்றாள் பிரீத்தி மெதுவாக. "எங்கம்மா கம்பெனியில ஆறுதான். மரத்தடியில இருக்கிற ரெண்டு பேர்ல ஒண்ணு எங்கம்மா."

பலகையின் மரச்சட்டம் வெடிக்கத் தொடங்கியது. டீச்சர் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அந்தக் கம்பெனியின் போர்மேன் சங்கரபாண்டியனுக்குப் போன் போட்டார். கம்பெனி கூப்பிடு தூரம்தான். அவர் பைக்கில் வந்து இறங்கும்போதே கத்தினார்.

"லோடு ஏத்துற நேரத்துல பலகை சுடுதுன்னு கூப்பிடுறீகளே, எம்புட்டு வேலை கெடக்கு!"

சொல்லிக்கொண்டே உள்ளங்கையைப் பலகையில் வைத்தார். தோல் உரிந்தது. அடுத்த நிமிடம் இடது கையால் போன் பண்ணி, மரத்தடியில் இருந்த இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். பிரீத்தியின் அம்மா ஞானசுந்தரி கேட்டைத் தாண்டியதும் பலகை ஆறியது. அன்று கம்பெனியில் ஒன்றும் வெடிக்கவில்லை. அதனால் டீச்சர் செய்தது சரியா, வீண் பதற்றமா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அவருக்கே தெரியாது.

மறுநாள் முதல் மணிக்கு முன்பே சங்கரபாண்டியன் கட்டுப்போட்ட கையோடு வந்து, அன்றைய ஆள் எண்ணிக்கையைக் கொடுத்து, பலகையில் போட்டுப் பார்க்கச் சொன்னார். அதன்பின் மற்றக் கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். இப்போது தினமும் காலையில் பள்ளி வாசலில் வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேன்கள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் கணக்கைப் போடுகிறார்கள், டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தொடுகிறார். பலகை சுடவில்லை என்று பிரீத்தி ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிய பிறகுதான் அவள் அம்மாவின் வேன் புறப்படுகிறது.