செவ்வாய்க்கிழமை சாட்சி

சனிக்கிழமை சாயங்காலம் நாகவல்லி கோவில்பதாகையிலிருந்து இரண்டு பஸ் மாறி நூம்பலுக்கு வந்து, மதுரைவீரன் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னான். வரவில்லை.

"இன்னாண்ணா, சபையில மைக்கு புட்ச்சி சாட்சி சொல்றியாமே. எனக்கும் ஒண்ணு சொல்லேன்."

அவள் இடது கையை அவன் பார்க்கவில்லை. நடுவிரலும் மோதிர விரலும் இல்லாத கை.

இருவருக்கும் வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில். அவன் செட்டர். மெஷினைத் தயார் செய்து கொடுப்பவன். அவள் அதை ஓட்டுகிறவள். மெஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக வைத்தது. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தி வைத்து டேப் சுற்றிவிட்டால் ஒரு கை போதும், இன்னொரு கை தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். எழுநூறு பீஸ் ஓடுகிற இடத்தில் ஆயிரத்து இருநூறு ஓடும். "டேப்பு போடுய்யா" என்பார் சூப்பர்வைசர் செங்கல்வராயன். மதுரைவீரன் போடுவான்.

இரண்டு மாசத்துக்கு முன் நாகவல்லி விரல்கள் போயின. அவளை ஆட்டோவில் ஏற்றியதும் செங்கல்வராயன் அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ரத்தம் காய்வதற்குள் டேப்பை உரித்துச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை. அது முடிந்தால் அவளுக்கு வேலையும் இல்லை.

"நீ பார்த்தே. நீதான் போட்டே. உன் சாமி குடியை மட்டும்தான் கேப்பாரா? மத்ததெல்லாம் கேக்க மாட்டாரா?"

அவள் போய்விட்டாள்.

அவன் ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம். அதற்கு முன் கரையான்சாவடி ரோட்டோரம் வேட்டி அவிழ்ந்து கிடந்த ஆள். ஷாப்பில் கிண்டல் செய்வார்கள்: "மதுரைவீரன்னு பேர வெச்சிகினு இன்னா மாமே அல்லேலூயா?" "பேரு எங்கப்பன் வெச்சது, அல்லேலூயா நானா சொல்றது" என்பான். குடியை விட்ட கதையைச் சபையில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். ஒவ்வொரு தடவையும் கை தட்டுவார்கள். அவனுக்கும் அது ருசித்தது. ஆனால் டேப்பை உரித்தது குடிகாரன் அல்ல. ஞானஸ்நானம் எடுத்தவன்.

அவள் வந்துபோன ராத்திரி முழங்கால் போட்டு ஜெபித்தான். 'ஆண்டவரே, வேற யாராச்சும் சொல்லட்டும்.' ஜெபம் கூரையைக்கூடத் தாண்டவில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மைக்கை நீட்டினார். வாங்கினான். வழக்கமான முதல் வரி நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"இன்னிக்கு சாட்சி இல்ல பாஸ்டர். செவ்வாக்கிழமை கீது. எனக்குத் தெம்பு கேட்டு ஜெபம் பண்ணுங்க."

யாரும் கை தட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை நடத்தியவர் ராகவன், கம்பெனி அதிகாரி. ஒரு பக்கம் நாகவல்லி, எதிரே செங்கல்வராயன். செட்டர் என்பதால் மதுரைவீரனையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"மெஷின் ஒழுங்கா இருந்துச்சா?" என்று அவனைக் கேட்டார் ராகவன்.

"இல்ல சார்."

செங்கல்வராயன் நிமிர்ந்தார். "யோவ்!"

"டேப்பு போட்டது நான். உரிச்சதும் நான். போடச் சொன்னது இவரு. நாகவல்லி மேல தப்பே இல்ல."

"அல்லேலூயாவுக்கு இப்பதான் புத்தி வந்துச்சோ?" என்றார் செங்கல்வராயன்.

"வந்துது சார். ரெண்டு மாசம் லேட்டு."

ராகவன் பேனாவை மூடினார். "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டா நீயும் மாட்டுவே. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"ஆதாரம் இருக்கா?"

பாக்கெட்டில் சுருட்டிய டேப் என்றைக்கோ குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் செங்கல்வராயன் ஒரு தப்பு செய்திருந்தார். நாகவல்லியின் மெஷினில் மட்டும்தான் டேப்பை எடுக்க வைத்தார். மாசக் கடைசி, மற்றதில் டேப்பை எடுத்தால் கணக்கு எட்டாது.

"கீழ வாங்க சார்."

ஷாப்புக்குள் இறங்கினார்கள். பதினோரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மதுரைவீரன் முதல் மெஷினைக் காட்டினான். பச்சைப் பொத்தானின்மேல் கறுப்பு டேப்.

"எவன் போட்டது இதை?" என்று கத்தினார் செங்கல்வராயன்.

மெஷினில் இருந்த பானுப்பிரியா சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்தாள். "நீங்கதான் சார் போடச் சொன்னீங்க. காலையிலகூட."

பக்கத்து மெஷின் நின்றது. "எனுக்கும்தான் சார்." அடுத்தது நின்றது. அதற்கடுத்தது. பேசக்கூடப் பயந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கடைசி மெஷினும் ஓய்ந்தபோது, பகல் பதினொரு மணிக்கு அந்த ஷாப்பில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அங்கே வேலை பார்த்த பதினெட்டு வருஷத்தில் மதுரைவீரன் அதைக் கேட்டதில்லை.

பானுப்பிரியா நகத்தால் டேப்பைக் கிழித்தாள். மற்றவர்களும் கிழித்தார்கள். ராகவன் தடுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. நாகவல்லி மீது தப்பில்லை, அடுத்த திங்கள் முதல் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் அவளுக்கு வேலை. செங்கல்வராயனை சூப்பர்வைசர் வேலையிலிருந்து தூக்கினார்கள். மதுரைவீரனுக்கு ஒரு மாசம் சஸ்பென்ஷன், திரும்பி வந்தால் செட்டர் இல்லை, வெறும் ஆபரேட்டர். கடிதத்தை வாங்கி நாலாக மடித்து வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினான்.

தாண்டியதும் பாட்டு வந்தது. சபையில் பாடுகிற பாட்டு. தொண்டை கிழியப் பாடினான். லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். பார்க்கட்டும்.

பின்னாலிருந்து ஓடி வந்தாள் நாகவல்லி. "இன்னாண்ணா, சஸ்பெண்டு ஆயிட்டுப் பாடிகினு போற?"

நின்றான். "உன் விரலு என்னால போச்சு நாகவல்லி. மன்னிச்சுடும்மா."

"விரலு வராதுண்ணா. நேத்து வரைக்கும் உன்ன நெனச்சாலே வயிறு எரிஞ்சுது. இன்னிக்கு எரியல. அவ்ளோதான் சொல்ல முடியும்."

"அது போதும்மா."

பஸ் வந்தது. அவன் மறுபடியும் பாட வாயைத் திறந்தான். நாகவல்லி அவனைப் படியில் தள்ளினாள்.

"ஏறு ஏறு. பாடு, வேணாங்கல. மெதுவாப் பாடு, ஜனமெல்லாம் எறங்கி ஓடிடப் போவுது."