இழுபடாத ரேம்

கால்நடை மருத்துவமனையில் சினை ஊசி மருந்தைக் கடுங்குளிரான திரவ நைட்ரஜனில்தான் போட்டு வைப்பார்கள். அங்கே டாக்டராக இருந்த அக்காவுக்கு அதை நிரப்பித் தருகிறவர் நல்ல பழக்கம். தம்பி நச்சரித்த நச்சரிப்பில் அவனுக்கும் ஒரு பெரிய குடுவை நிறைய வாங்கிக் கொடுத்தாள்.

கம்ப்யூட்டர் புராசசரை அதன் சக்திக்கு மேல் விரட்டுவதில் தம்பிக்குப் பித்து. விரட்டினால் சூடேறும். அதை அடக்க, அதன் தலையில் செம்புக் கிண்ணத்தை உட்கார வைத்து நைட்ரஜனை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யார் அதிகம் விரட்டினார்கள் என்று இணையத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதில் பேர் வந்துவிட்டால் போதும், ஜென்மம் கடைத்தேறிவிடும் என்பது அவன் எண்ணம்.

"ஜன்னல், கதவு ரெண்டும் தொறந்தே இருக்கணும்டா. இது ஆவியாகி ரூம்ல இருக்கிற காத்தையே வெளிய தள்ளிடும். வாசனை இருக்காது, இருமல் வராது. மாடே சுருண்டு விழும்."

"நான் மாடு இல்லக்கா."

"அதான் பயமா இருக்கு. மாடு சொன்னா கேக்கும்."

தம்பிக்கு நகமும் சதையுமாக ஒரு கூட்டாளி. ஒல்லி என்பார்கள். ஒருநாள் பகலில் நடந்ததை அவன்தான் பிறகு அக்காவிடம் சொன்னான்.

தம்பி புதிதாக வாங்கிய ரேம், அதாவது கம்ப்யூட்டரின் நினைவகம், அட்டைப்பெட்டியிலேயே பெரிய வேக எண் போட்டது. இரண்டையும் மாட்டியிருந்த போர்டில் புராசசர் வேகத்தைக் கூட்டினால் ரேமும் கூடவே இழுபடும். புதுசோ ஏற்கெனவே தன் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் திரை நீலமாகி நின்றது. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்ற கதைதான். தம்பி பழியைப் புராசசர் மேல் போட்டு இன்னும் ஊற்றினான்.

"பழைய ரேமை மாட்டுடா. வேகம் கம்மிதான், ஆனா இன்னும் இழுக்க இடம் இருக்கு" என்றான் ஒல்லி.

"பழச மாட்டி லிஸ்ட்ல வந்தா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டுமே."

"உனக்குப் பொறாமை. நான் மேல போறது உனக்குப் பொறுக்கல."

அந்தச் சொல் ஒல்லிக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து கிளம்பிவிட்டான். வெளியே மழை பிடித்திருந்தது. ஈரக்காற்று பட்டால் போர்டில் பனி கட்டும், தண்ணீராகி எல்லாம் கருகிவிடும். ஒல்லி இருந்தவரை கதவைச் சாத்த விடவில்லை. அவன் போனதும் தம்பி ஜன்னலைச் சாத்தினான், கதவையும் சாத்தினான்.

அக்கா வேலை முடிந்து வந்தபோது, கதவைத் தள்ளியதும் கணுக்காலில் குளிர் அடித்தது. குடுவை கவிழ்ந்து கிடந்தது. மேசைக்குக் கீழே தம்பி, விழுந்த எதையோ எடுக்கக் குனிந்தவன் போல. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடி, காலைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தாள். மார்பை அமுக்கினாள், ஊதினாள். எத்தனையோ கன்றுகளுக்கு உயிர் ஊதியவள்தான். உதடு நீலமாகவே இருந்தது.

ஊர்வாய் ஒல்லியைப் பிடித்துக்கொண்டது. கூட இருந்தவன் பாதியில் விட்டுவிட்டு ஓடினானாம், அவன்தான் இந்தப் பைத்தியத்தையே ஏற்றிவிட்டானாம். குடுவை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அக்காவும் வாய் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் ஒல்லி வாசலில் வந்து நின்றான். படியேறவில்லை.

"பழசுல ஓடியிருக்குமாடா?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா. ஓடாமலும் போயிருக்கலாம். ஆனா நான் கோவிச்சுட்டுப் போயிருக்கக் கூடாது."

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "யாருடி அது?"

அக்கா உள்ளே போனாள். தம்பியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒல்லி வந்திருக்கான். அவனை ஒண்ணும் சொல்லாத. அந்த நைட்ரஜன வாங்கிக் குடுத்தது நான்தான்."

அம்மா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். பட்டனைப் போட்டாள். அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவனை உள்ள வரச் சொல்லு. நீ கொஞ்ச நாள் என் கண்ணுல படாத."