கொக்கி நாளைக்கு ஆடுகிறானா

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு துண்டுப் பிரசுரமாகத்தான் பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்து முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ரக்பி ஆடுகிறவன். அவனுடைய கிளப்பின் செயலாளர் டயர் கடை வைத்திருக்கிறார். போன வாரம் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. பின்னால் யாரோ காற்றடிக்கும் சத்தம்.

"சார், நீங்க எழுத்தாளராமே? சனிக்கிழமை பெரிய மேட்ச். கேட்ல குடுக்கறதுக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்க. யூனியன் ஆட்டம் சார். லீக்ல இருக்கறதுலயே பலமான எதிரி. படிக்கறவனுக்கு ரத்தம் கொதிக்கணும்."

அந்த 'ராமே'யில் விழுந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதா என்ன.

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது:

*தோழர்களே! உழைக்கும் கைகள் ஒன்றுசேரும்போது எந்த முதலாளியாலும்*

(யூனியன் என்றதும் தொழிற்சங்கம் என்று நினைத்துவிட்டேன். டயர் கடை, யூனியன், எதிரி, ரத்தம் கொதிக்கணும். என் இடத்தில் நீங்கள் இருந்தால் வேறு என்ன நினைத்திருப்பீர்கள்?)

முழுப் பக்கம் எழுதி அனுப்பியும்விட்டேன். செயலாளர் திரும்பக் கூப்பிட்டார். "சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க யாரையும் எதிர்த்து ஸ்ட்ரைக் பண்ணலையே" என்றார்.

ரக்பியில் யூனியன் என்று ஒரு வகை, லீக் என்று இன்னொரு வகை. இவர்கள் ஆடுவது யூனியன். ஆனால் இவர்கள் ஆடும் தொடர் போட்டிக்கும் பெயர் லீக். ஆகவே இவர்கள் லீக்கில் ஆடுகிறார்கள், ஆனால் லீக் ஆடவில்லை. புரிந்ததா? எனக்கும் இல்லை. மேலே போவோம்.

2

இரண்டாவது வரைவுக்கு மச்சினனையே பிடித்து உட்கார வைத்தேன். லிஃப்ட் மெக்கானிக். கழுத்து இருக்கவேண்டிய இடத்திலேயே அவனுக்குத் தோள் ஆரம்பித்துவிடும். சமையல் மேடையில் இருந்த டம்ளர்களையெல்லாம் இரண்டு கூட்டமாக அடுக்கி எனக்குப் பாடம் எடுத்தான்.

"டீமுக்குப் பதினஞ்சு பேர். அதுல இந்தப் பக்கம் எட்டு பேர், அந்தப் பக்கம் எட்டு பேர். குனிஞ்சு தலையும் தலையும் கோத்துக்கிட்டுத் தள்ளுவோம். இதுதான் ஸ்க்ரம். முன்வரிசையில மூணு பேர், நடுவுல நான். ரெண்டு பக்கத்துக்காரன் தோள்லயும் கையப் போட்டுத் தொங்கிக்கிட்டு, உருட்டி விடற பந்தைக் காலால கொக்கி போட்டுப் பின்னாடி இழுக்கணும்."

அந்த இடத்தில் நிற்பவனுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு, கொஞ்சம் விவகாரமான இன்னொரு அர்த்தமும் அதற்கு உண்டு. அதைத் தமிழில் எழுதினால் என் மாமியார் என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். ஆகையால் 'கொக்கி' என்று எழுதினேன். செயலாளருக்கு அது பிடித்துப்போய் கிளப் முழுக்கப் பரப்பிவிட்டார். இப்போது அவனை எல்லோரும் கொக்கி என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் அது.

"பந்தைக் கையில எடுத்தா முன்னாடி இருக்கறவன்கிட்ட வீசக்கூடாது மாமா. பின்னாடி இருக்கறவனுக்குத்தான்."

"அப்புறம் எப்படிடா முன்னாடி போறீங்க?"

"பின்னாடி வீசிக்கிட்டேதான் முன்னாடி போறோம்."

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

அப்போது என் மனைவி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "அவர் உன் கழுத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கலையாடா? அதையும் சொல்லு."

அவன் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தான்.

போன மாதம் ஓர் ஆட்டத்தில் ஸ்க்ரம் சரிந்து இவன் அடியில் மாட்டிக்கொண்டான். எழுந்தபோது இடது கை விரல்களில் உணர்ச்சி இல்லை. சாயங்காலம்தான் திரும்பியது. கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு ஒன்று நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். இன்னொரு முறை அப்படி அமுங்கினால் விரல்கள் திரும்பி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். "ஆடாதே என்கிறீர்களா?" என்று இவன் கேட்டதற்கு, "அது உங்க இஷ்டம், நான் ரிஸ்க்கைத்தான் சொல்ல முடியும்" என்றாராம். படித்த மனிதர்!

கதையின் மையம் இதுதான் என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. பிரசுரம் போய்க் கதை வந்தது இப்படித்தான்.

3

அக்கா கேட்டாள். "சனிக்கிழமை ஆடமாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

தம்பி சொன்னான். "ஆடாம இருக்க ட்ரை பண்றேன்க்கா."

மறுநாள் விவரம் சேகரிக்கலாம் என்று மைதானத்துக்குப் போனேன். பயிற்சி முடிந்து எல்லோரும் பூட்ஸிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோச் அவனிடம் கேட்டார். "சனிக்கிழமை இறங்குவியா?"

"ட்ரை பண்றேன் கோச்."

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். 'ட்ரை பண்றேன்' என்றால் நம்மிடையே என்ன அர்த்தம்? கல்யாணத்துக்கு வர ட்ரை பண்றேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இலை போடவேண்டாம் என்று அர்த்தம். உங்க பையனுக்கு ஒரு வேலை ட்ரை பண்றேன் என்றால் பையனை வேறு இடத்தில் கேட்கச் சொல் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்படுகிற நாம் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்துக்கொண்ட சொல் அது. இந்தக் கணக்கில் பார்த்தால், அவன் அக்காவிடம் 'ஆடத்தான் போகிறேன்' என்று சொல்லிவிட்டான். கோச்சிடம் 'ஆடப்போவதில்லை' என்று சொல்லிவிட்டான்.

இதில் இன்னொரு கூத்து. ரக்பியில் பந்தைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்த் தரையில் அழுத்தினால் ஐந்து புள்ளி. அதற்குப் பெயரே ட்ரை.¹ நமக்கு முடியாது என்று அர்த்தம் தருகிற சொல், அவர்களுக்கு முடித்துக் காட்டியதற்குப் பெயர். அப்படியானால் அவன் எந்த ட்ரையைச் சொன்னான்? வீட்டு ட்ரையா, மைதானத்து ட்ரையா?

மனைவி அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. கோச் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் தனித்தனியே என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

¹ பிரசுரத்தில் இதை 'முயற்சி' என்று மொழிபெயர்த்திருந்தேன். "எங்கள் அணி போன ஆட்டத்தில் ஒரு முயற்சிகூடச் செய்யவில்லை" என்று வந்தது. பையன்கள் அடிக்க வந்துவிடுவார்கள் என்று செயலாளர் அதை வெட்டிவிட்டார்.

4

கோச்சை என்னால் சரியாக எழுத முடியவில்லை.

*கோச் ஒரு கல்நெஞ்சக்காரர். வெற்றி ஒன்றைத் தவிர அவருக்கு*

நிறுத்திவிட்டேன். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் எனக்கு வேலை சுலபம். ஆனால் மனிதர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். மச்சினன் கழுத்தில் தடவுகிற தைலமே அவர் கொடுத்ததுதான். எதிரணி பற்றிக் கேட்கப் போன என்னிடம், கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி அவர் தன் மனத்தைக் கொட்டிவிட்டார்.

"பச்சைச் சட்டைக்காரங்க இந்த வருஷம் ஒரு மேட்ச்கூடத் தோக்கல சார். அவங்க முன்வரிசை மூணு பேரும் ஆளு இல்ல, பீரோ. நாம தோத்தா கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுவோம். கொக்கி இடத்துக்குப் பழகின இன்னொருத்தன் மணிக்கட்டை உடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். பழகாதவனை அங்க நிறுத்தக்கூடாது, ஆபத்து. இவனும் இல்லைன்னா ரெஃப்ரீங்க ஸ்க்ரம்ல தள்ளவே விடமாட்டாங்க. காரணம் நாமதான்னு நம்ம பக்கம் ஒரு ஆளையும் குறைச்சுடுவாங்க. அவங்க பதினஞ்சு, நாம பதினாலு. அப்புறம் என்ன மேட்ச்?"

"அப்ப அவன் ஆடணுங்கறீங்க."

"ஐயையோ, நான் எப்ப சார் சொன்னேன்? ஆடாதடான்னு நானே சொல்லிடலாம். சொன்னா டீம்ல பாதிப் பேர் என் மூஞ்சில முழிக்க மாட்டான். சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. அவனா வேண்டாம்னு சொல்லிட்டா நல்லா இருக்கும்."

இதற்குள் யாரோ இருமல் மருந்து கேட்டு வந்துவிட்டார்.

ஆக, டாக்டர் அவன் இஷ்டம் என்கிறார். கோச் அவனே சொல்லட்டும் என்கிறார். பந்தைப் பின்னால் வீசத்தான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

(இந்தக் கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். வெட்டலாமா என்று யோசிக்கிறேன். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.)

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஆடுகிறான். ஜெயிக்கிறார்கள். கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா மைதானத்துக்கே வந்து தம்பியைக் கட்டிக்கொள்கிறாள். படித்துப் பார்த்தேன். யாருடைய காதில் பூச்சுற்றுகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

(ஆ) ஆடுகிறான். *ஸ்க்ரம் சரிந்தது. நடுவர் விசில் ஊதினார். பச்சைச் சட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து விலகின. நம் பையன்களும் எழுந்தார்கள். ஒருவன் மட்டும்*

(இ) ஆடவில்லை. கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பதினான்கு பேர் தோற்பதைப் பார்க்கிறான். ஆட்டம் முடிந்ததும் யாரும் அவனைத் திட்டவில்லை. யாரும் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை. விரல்கள் பத்திரமாக இருக்கின்றன. அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

(ஆ)வை எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் மனைவி நிற்பதை நான் கவனிக்கவில்லை.

"காப்பி வேணுமான்னு கேக்க வந்தேன்" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "என் தம்பியைக் கீழ தள்ளிட்டு, 'மட்டும்'னு நிறுத்தி வச்சிருக்கீங்க."

"சும்மா எழுதிப் பாக்கறதும்மா. கதைதானே."

"கதைன்னா எவனையாவது எழுத வேண்டியதுதானே. அவன் டம்ளர் அடுக்கினதுகூட இருக்கு. அந்தப் பேரையும் நீங்கதான் வச்சீங்க." பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதான் உங்களுக்கு நல்லா வந்திருக்கு, இல்ல?"

கல்யாணமான நாளிலிருந்து என் எழுத்தைப் பற்றி அவள் அபிப்பிராயம் சொன்னதில்லை. முதல் தடவையாகச் சொன்னாள், அதுவும் சரியாகச் சொன்னாள். (ஆ)தான் நன்றாக வந்திருந்தது. கை தானாக ஓடியது. அவன் ஆடவேண்டும், விழவேண்டும் என்று கதை கேட்கிறது. கதை கேட்கிறது என்று சொல்கிறேன் பாருங்கள், கேட்பது வேறு யார்? எனக்கு என் மீதே அருவருப்பாக இருந்தது. கிழித்துப் போட்டேன். ஆனால் மேலே அது அப்படியே இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், இருக்கிறது. மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது.

6

இன்று வெள்ளிக்கிழமை. பிரசுரம் அச்சாகிவிட்டது. 'பலம் வாய்ந்த எதிரணியை நாளை நம் வீரர்கள் சந்திக்கிறார்கள். திரண்டு வாரீர்' என்று இரண்டே வரி. செயலாளரே எழுதிவிட்டார்.

சற்று முன்பு மச்சினன் கூப்பிட்டான்.

"மாமா, என்னை வச்சுக் கதை எழுதறீங்களாமே?"

"ம்... ஏதோ."

"அதுல நான் ஆடுறேனா?"

சிரித்துக்கொண்டே கேட்கிறான் என்று நினைத்தேன். சிரிப்புச் சத்தம் வரவில்லை.

"என்னடா இது, அதை நீதானே சொல்லணும்."

"எனக்குத் தெரியல மாமா. சத்தியமாத் தெரியல. பசங்க முகத்தைப் பாத்தா ஆடணும்னு இருக்கு. காலையில சட்டைக்குப் பட்டன் போட்டேன், விரல் மரத்துப் போச்சு. கொஞ்ச நேரம்தான். அக்காகிட்ட சொல்லிடாதீங்க." மூச்சு விட்டான். "யாராவது ஒருத்தர் தெளிவாச் சொன்னாப் போதும் மாமா. டாக்டர் சொல்ல மாட்டேங்கறார், கோச் சொல்ல மாட்டேங்கறார். அக்கா சொல்றா, ஆனா அவ நான் ரோட்டைக் கிராஸ் பண்றதுக்கே வேண்டாம்னு சொல்றவ. நீங்க எழுதி வச்சிருந்தா படிச்சுக் காட்டுங்க. அதையே பண்ணிடறேன்."

கதவருகில் என் மனைவி நின்றிருந்தாள். கையில் ஈரத்துணி. யாரிடம் பேசுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த வேலையெல்லாம் ஒருவனுக்கு மூன்று முடிவு எழுதுவது. ஒன்றைச் சொல் என்று அவனே வந்து கேட்பான் என்று யார் கண்டது? ஆடாதே என்று சொல்லி, அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கி, வாழ்நாள் முழுக்க என்னை முறைப்பானா? ஆடு என்று எப்படிச் சொல்வது? மண்டை குழம்பிவிட்டது.

"வேண்டாம்டா. ஆடாத" என்றேன்.

பிறகு கேட்டான். "கதையில சொல்றீங்களா, நிஜமாச் சொல்றீங்களா?"

"நிஜமா."

"சரி மாமா."

எந்தச் சரி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

"என்ன சொன்னான்?" என்றாள்.

"சரின்னான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆட்டம் நாளைக்கு. நான் போவேன். பார்த்ததை எழுதமாட்டேன், எனக்கு இதற்கு மேல் தெம்பில்லை. அவன் இறங்கினானா, பெஞ்சில் உட்கார்ந்தானா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு எது நன்றாக வருகிறதோ அதை. எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துப் பார்க்காதீர்கள். பக்கத்து அறையில் அவனுடைய அக்கா இருக்கிறாள்.